ஓப்பன்ஸ்டாக் போடும் முன் லினக்ஸ் சர்வரில் செய்ய வேண்டியவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்த சர்வர் அறையில் ஒரு கிளவுட் வேண்டும் என்று கிளம்புபவர்களில் பலர் வந்து நிற்கும் இடம் ஓப்பன்ஸ்டாக். நாசாவும் ரேக்ஸ்பேஸும் சேர்ந்து 2010-இல் தொடங்கிய திறமூலத் திட்டம் அது. அதை நிறுவுவது கஷ்டம் என்று ஒரு பேச்சு உண்டு. உண்மையில் நிறுவும்போது வருகிற பிழைகளில் பெரும்பகுதி ஓப்பன்ஸ்டாக்கின் பிழையே இல்லை. அதற்கு முன்னால் சர்வரில் செய்யாமல் விட்ட வேலை, அல்லது செய்யக்கூடாது என்றிருந்தும் செய்துவைத்த வேலை.

இங்குள்ள பதில்கள் உபுண்டு 24.04, கோல்லா-ஆன்சிபிள், மூன்று நான்கு இயந்திரங்கள் என்ற சிறிய அமைப்பை மனதில் வைத்து எழுதியவை. கோல்லா-ஆன்சிபிள் (சுருக்கமாகக் கோல்லா) என்பது ஓப்பன்ஸ்டாக்கின் ஒவ்வொரு சேவையையும் தனித்தனி கன்டெய்னராக, அதாவது மற்றவற்றோடு கலக்காமல் தனிப் பெட்டிக்குள், ஓட்டும் நிறுவல் கருவி. ராக்கி லினக்ஸ் 9 வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பாலானவை பொருந்தும்.

கோல்லாவே எல்லாவற்றையும் போட்டுவிடும் என்கிறார்களே, நான் தனியாக என்ன தயார் செய்ய வேண்டும்?

பாதி உண்மை. 'பூட்ஸ்ட்ராப்-சர்வர்ஸ்' என்ற கட்டளையைக் கொடுத்தால் அது கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கரை நிறுவும், தேவையான பேக்கேஜ்களைப் போடும், ஹோஸ்ட்ஸ் கோப்பில் (எந்தப் பெயருக்கு எந்த ஐபி என்ற பட்டியல்) எல்லா இயந்திரங்களின் பெயரையும் எழுதும், ஃபயர்வாலை நிறுத்தும். ஆனால் எந்த நெட்வொர்க் கார்டு எதற்கு, எந்த டிஸ்க் யாருக்கு, பயாஸில் விர்ச்சுவலைசேஷன் திறந்திருக்கிறதா, சுவிட்ச் எவ்வளவு பெரிய பாக்கெட்டை விடும் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அவை உங்கள் முடிவுகள்.

இன்னொரு விஷயம் பலருக்கு உறைப்பதில்லை. பழைய கையேடுகளைப் பார்த்து மரியாடிபி (தரவுத்தளம்), ராபிட்எம்க்யூ (சேவைகளுக்கிடையே செய்தி கடத்துவது), மெம்கேஷ்டி (தற்காலிக நினைவகம்), லிப்விர்ட் (விர்ச்சுவல் இயந்திரங்களை நிர்வகிப்பது) எல்லாவற்றையும் முன்கூட்டியே போட்டு வைத்துவிடுகிறார்கள். கோல்லாவுக்கு இது உதவி இல்லை, இடைஞ்சல். இவை எல்லாம் அதனிடம் கன்டெய்னராகவே வரும். ஹோஸ்டில், அதாவது சர்வரிலேயே, ஏற்கனவே மரியாடிபி ஓடினால் 3306 போர்ட் மாட்டிக்கொள்ளும்; ராபிட்எம்க்யூ ஓடினால் 5672. ஹோஸ்டில் லிப்விர்ட் ஓடுகிறதா என்று கோல்லாவின் முன்சோதனையே ('ப்ரீசெக்ஸ்' கட்டளை) தனியாகப் பார்த்து, ஓடினால் நிறுத்திவிடச் சொல்லும். ஆகவே முதல் விதி: வேறு எதுவும் ஓடாத, புதிதாகப் போட்ட சர்வர். 'இதிலேயே நம்ம பழைய வெப்சைட்டும் ஓடட்டுமே' என்று யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள்.

எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு?

முதலில் ஓப்பன்ஸ்டாக் பதிப்பை முடிவு செய்யுங்கள், லினக்ஸ் பதிப்பு தானாக முடிவாகிவிடும். ஓப்பன்ஸ்டாக் ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு விடுகிறது. ஆங்கில அகரவரிசைப்படி ஆஸ்டினில் தொடங்கி 2022-இல் ஸெட் வரை பெயர் வைத்தார்கள். அப்புறம் ஆண்டும் எண்ணும் முன்னால் வந்தன. 2023.1 ஆன்டிலோப், 2024.1 காரகல், 2025.1 எப்பாக்ஸி என்று போகும். புள்ளி ஒன்றில் முடிகிற பதிப்புகளுக்கு ஒரு சலுகை உண்டு: ஒன்றிலிருந்து அடுத்த புள்ளி ஒன்றுக்கு, நடுவில் உள்ளதைத் தாண்டி நேராக மேம்படுத்தலாம். ஆண்டுக்கு ஒரு முறை மேம்படுத்தினால் போதும் என்பவர்கள் இதைத்தான் எடுக்க வேண்டும்.

கோல்லா 2024.1 எடுத்தால் உபுண்டு 22.04, 2025.1 எடுத்தால் 24.04. எல்லா இயந்திரங்களிலும் ஒரே பதிப்பு இருக்கட்டும். ஒன்றில் 22.04, இன்னொன்றில் 24.04 என்று கலந்து வைத்தால் பைத்தான் 3.10-உம் 3.12-உம் கலந்து நிற்கும். பிழை வரும்போது எந்தப் பக்கம் குற்றம் என்று தேடவே ஒரு நாள் போகும்.

அலுவலகத்தில் சென்ட்ஓஎஸ் 7 சர்வர்கள் சும்மா கிடக்கின்றன என்று அதிலேயே தொடங்க நினைத்தால், வேண்டாம். அதற்கான ஆதரவு 2024 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டது.

எவ்வளவு ரேம், எவ்வளவு டிஸ்க்?

கோல்லாவின் ஆவணம் சொல்லும் குறைந்தபட்சம் 8 ஜிபி ரேம், 40 ஜிபி டிஸ்க், இரண்டு நெட்வொர்க் கார்டு. இதில் எழுந்து நிற்கும், அவ்வளவுதான். மேலாண்மைச் சேவைகள் ஓடும் கன்ட்ரோலருக்கு 16 ஜிபி இல்லாமல் நான் தொடங்கச் சொல்ல மாட்டேன். நாலு பேர் உண்மையாகப் பயன்படுத்தப்போகிறார்கள் என்றால் 32. விர்ச்சுவல் இயந்திரங்களைத் தாங்கும் கம்ப்யூட் நோடுக்கு, எத்தனை விர்ச்சுவல் இயந்திரம் ஓட்டப்போகிறீர்களோ அதற்கு ஏற்றபடி.

டிஸ்க்கில் ஒரு பொறி இருக்கிறது. உபுண்டு சர்வர் நிறுவியில் 'முழு டிஸ்க்கையும் எல்விஎம்முடன் பயன்படுத்து' என்ற தேர்வு முன்னிருப்பாக வரும். எல்விஎம் என்பது டிஸ்க்குகளை ஒரு வால்யூம் குரூப்பாகச் சேர்த்து, அதிலிருந்து வேண்டிய அளவு பிரித்துக் கொடுக்கும் லினக்ஸ் முறை. அதை அப்படியே ஒப்புக்கொண்டால், 1 டிபி டிஸ்க்காக இருந்தாலும் ரூட் பகிர்வுக்கு 100 ஜிபிதான் ஒதுக்கும். மீதி வால்யூம் குரூப்பில் காலியாகக் கிடக்கும். இதைக் கவனிக்காமல் விட்டால், டாக்கர் இமேஜ்களும் பதிவுக் கோப்புகளும் இமேஜ்களைச் சேமிக்கும் சேவையான கிளான்ஸில் ஏற்றுகிற ஐஎஸ்ஓக்களும் சேர்ந்து சில வாரத்தில் ரூட்டை நிரப்பிவிடும். ரூட் நிரம்பினால் முதலில் விழுவது மரியாடிபி. நிறுவும்போதே அந்தத் திரையில் அளவை மாற்றுங்கள். தவறிவிட்டால் 'எல்வி-எக்ஸ்டெண்ட்' கொடுத்து, பிறகு 'ரீசைஸ்2எஃப்எஸ்' கொடுத்தால் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெரிதாகிவிடும்.

பயாஸில் ஏதாவது மாற்ற வேண்டுமா?

கம்ப்யூட் நோடுகளில் கட்டாயம். இன்டெல் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்ற பெயரில் இருக்கும். திறந்திருக்கிறதா என்று பார்க்க, ப்ராக் அடைவில் உள்ள 'சிபியுஇன்ஃபோ' கோப்பில் இன்டெலுக்கு 'விஎம்எக்ஸ்', ஏஎம்டிக்கு 'எஸ்விஎம்' என்ற கொடி எத்தனை வரிகளில் வருகிறது என்று கிரெப் போட்டு எண்ணுங்கள். பூஜ்யம் வந்தால் பயாஸுக்குப் போக வேண்டியதுதான்.

வீட்டில் விர்ச்சுவல் இயந்திரத்துக்குள் பழகிப் பார்ப்பவர்களுக்கும் பூஜ்யம் வரும், நெஸ்டட் விர்ச்சுவலைசேஷன் திறக்காதவரை. திறக்க வழியில்லை என்றால், விர்ச்சுவல் இயந்திரங்களை ஓட்டும் சேவையான நோவாவின் விர்ச்சுவலைசேஷன் வகையை, சிபியுவின் உதவியோடு ஓடும் கேவிஎம்முக்குப் பதில் மென்பொருளிலேயே ஓடும் கியூஎம்யு என்று மாற்றிக்கொள்ளலாம். ஓடும், ஆனால் மெதுவாக. பழகுவதற்குப் போதும்.

ஹோஸ்ட்நேம் எதுவாக இருந்தால் என்ன? ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறீர்கள்?

மற்ற எதையும் பிறகு திருத்தலாம். பெயரைத் திருத்துவதுதான் கொடுமை.

ராபிட்எம்க்யூ தன் நோடுக்குப் பெயர் வைப்பதே ஹோஸ்ட்நேமை வைத்துத்தான். பெயரை மாற்றினால் அதன் கண்ணுக்கு அது புதிய நோடு. பழைய தரவு பழைய பெயரில் கிடக்கும். நோவாவும் அப்படித்தான். ஒவ்வொரு கம்ப்யூட் நோடும் எந்தப் பெயரில் முதலில் பதிவானதோ அதே பெயரில்தான் அதன்மேல் ஓடும் விர்ச்சுவல் இயந்திரங்களைத் தரவுத்தளத்தில் எழுதி வைக்கிறது. புதிய பதிப்புகளில், பெயர் மாறியிருப்பது தெரிந்தால் நோவா-கம்ப்யூட் எழவே மறுக்கும். அது நல்லதுதான், முன்பு சத்தமில்லாமல் இரண்டாவது நோடாகப் பதிந்துகொண்டு குழப்பும். ஆகவே 'டெஸ்ட்', 'நியூசர்வர்' என்றெல்லாம் தற்காலிகப் பெயர் வேண்டாம். கன்ட்ரோலர்01, கம்ப்யூட்01 போன்ற சலிப்பூட்டும் பெயர் போதும்.

அடுத்தது ஹோஸ்ட்ஸ் கோப்பு. உபுண்டு நிறுவி முடித்ததும் எட்சி அடைவில் உள்ள ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்து பாருங்கள். முதல் வரியில் 127.0.0.1, லோக்கல்ஹோஸ்ட் என்று இருக்கும். அடுத்த வரியில் 127.0.1.1 என்று எழுதி, பக்கத்தில் உங்கள் சர்வரின் பெயர் இருக்கும். இந்த இரண்டாவது வரிதான் வில்லன். அது இருக்கும்வரை, கன்ட்ரோலர்01 யார் என்று அந்த இயந்திரத்திலேயே கேட்டால் 127.0.1.1 என்று பதில் வரும். பக்கத்து இயந்திரத்தில் கேட்டால் 10.0.0.11 என்று வரும். ராபிட்எம்க்யூ கிளஸ்டர் இந்த முரண்பாட்டில்தான் தடுக்கி விழுகிறது. அந்த வரியை நீக்கிவிட்டு, மேலாண்மை நெட்வொர்க்கின் ஐபியோடு எல்லா இயந்திரங்களின் பெயரையும் எழுதுங்கள். 127.0.0.1 வரியைத் தொடாதீர்கள்.

எழுதி முடித்ததும் 'கெட்-என்ட் ஏஹோஸ்ட்ஸ்' கட்டளையோடு ஒவ்வொரு பெயரையும் கொடுத்துப் பாருங்கள். ஒரு பெயருக்கு ஒரே ஒரு முகவரிதான் வர வேண்டும், அது மேலாண்மை முகவரியாக இருக்க வேண்டும். கோல்லாவின் முன்சோதனையும் இதையேதான் பார்க்கிறது.

ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திருத்தினேன். ரீபூட் செய்ததும் பழையபடி ஆகிவிட்டது. ஏன்?

இயந்திரம் எழும்போது அமைப்புகளைச் செய்துவைக்கும் கிளவுட்-இனிட் என்ற நிரலின் வேலை. அதன் அமைப்பில் 'மேனேஜ் எட்சி ஹோஸ்ட்ஸ்' என்ற தேர்வு இயக்கத்தில் இருந்தால், ஒவ்வொரு முறை எழும்போதும் தன் வார்ப்புருவிலிருந்து கோப்பை மறுபடி எழுதிவிடும். அதை அணைத்துவிட்டுத் திருத்துங்கள். உண்மையான இயந்திரத்தில் நிறுவல் முடிந்த பிறகு கிளவுட்-இனிட்டுக்கு வேலை எதுவும் இல்லை. நான் முழுவதுமாக முடக்கிவிடுவேன்.

நேரத்தை ஒத்திசைப்பது அவ்வளவு முக்கியமா? ஓரிரு நொடி வித்தியாசம் என்ன செய்யும்?

ஓரிரு நொடியை நோவா பொறுத்துக்கொள்ளும். ஆனால் சேவைகள் உயிரோடு இருக்கின்றனவா என்பதை அது கடைசியாக எப்போது குரல் கொடுத்தன என்பதை வைத்துத்தான் முடிவு செய்கிறது, அதற்கு முன்னிருப்பு வரம்பு 60 நொடி. கன்ட்ரோலர்களுக்குள் கடிகாரம் அதற்கு மேல் விலகினால், நன்றாக ஓடுகிற கம்ப்யூட் நோடு 'டவுன்' என்றும் 'அப்' என்றும் மாறி மாறிக் காட்டும். அடையாளச் சேவையான கீஸ்டோன் கொடுக்கும் டோக்கனுக்கும் (நுழைவுச் சீட்டு) காலாவதி உண்டு. கீஸ்டோனின் சொந்த முன்னிருப்பு ஒரு மணி நேரம், கோல்லாவில் ஒரு நாள். செஃப் சேமிப்பகத்தையும் சேர்க்கப்போகிறீர்கள் என்றால் இன்னும் கறார்: அதன் மானிட்டர்களுக்குள் 0.05 நொடி விலகினாலே எச்சரிக்கை விளக்கு எரியும்.

நேரத்தை ஒத்திசைக்கும் குரோனியை எல்லா இயந்திரங்களிலும் போடுங்கள். உபுண்டுவில் குரோனி வந்ததும் சிஸ்டம்டியின் டைம்சிங் தானே வெளியேறிவிடும். ஒரு கன்ட்ரோலர் வெளியிலிருந்து நேரம் வாங்கட்டும், மற்றவை அந்தக் கன்ட்ரோலரிடம் வாங்கட்டும். 'குரோனிசி சோர்சஸ்' கொடுத்தால் வரும் பட்டியலில் ^* என்ற குறி ஒரு வரியின் முன்னால் இருக்க வேண்டும். அதுதான் இப்போது பின்பற்றும் மூலம். ^? இருந்தால் அந்த மூலத்தை எட்ட முடியவில்லை என்று பொருள், பெரும்பாலும் யுடிபி 123 எங்கோ அடைபட்டிருக்கும்.

இணையமே இல்லாத அறை என்றால், ஒரு கன்ட்ரோலரின் குரோனி அமைப்பில் 'லோக்கல் ஸ்ட்ராட்டம் 10' என்று ஒரு வரி, உள் நெட்வொர்க்கை அனுமதிக்கும் 'அலவ்' வரி ஒன்று. சரியான நேரம் இல்லாவிட்டாலும் எல்லோருக்கும் ஒரே நேரம் கிடைத்துவிடும்.

நேர மண்டலம் இந்திய நேரமா யுடிசியா என்பது சேவைகளுக்குப் பொருட்டில்லை, அவை உள்ளே யுடிசியில்தான் கணக்கு வைக்கின்றன. பதிவுக் கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கப்போவது நீங்கள் என்பதால், எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கட்டும்.

இரண்டு நெட்வொர்க் கார்டு ஏன்? ஒன்றே ஒன்று இருந்தால்?

ஒன்று மேலாண்மைக்கு. சேவைகள் தங்களுக்குள் பேசுவதும் நீங்கள் எஸ்எஸ்எச் மூலம் உள்ளே வருவதும் அதில். இன்னொன்று, விர்ச்சுவல் இயந்திரங்கள் வெளியுலகுக்குப் போக. இந்த இரண்டாவதை நெட்வொர்க் சேவையான நியூட்ரான் முழுதாகத் தன் கையில் எடுத்துக்கொண்டு, ஓப்பன் விசுவிட்ச் என்ற மென்பொருள் சுவிட்ச்சின் வெளிப்புறப் பிரிட்ஜில் சேர்த்துவிடும். சேர்த்த கணத்தில் அந்தக் கார்டில் ஹோஸ்டுக்கு இருந்த ஐபி பயனற்றுப் போகும். எஸ்எஸ்எச்சுக்குப் பயன்படுத்தும் கார்டையே வெளிப்புறக் கார்டு என்று எழுதிக் கொடுத்தால், நிறுவல் பாதியில் திரை உறைந்து நிற்கும். நேரே சர்வர் முன் போய் உட்கார வேண்டியதுதான்.

உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பான நெட்பிளானில் இரண்டாவது கார்டுக்கு ஐபி வேண்டாம், டிஎச்சிபி4, டிஎச்சிபி6 இரண்டும் இல்லை, லிங்க்-லோக்கலும் காலிப் பட்டியல். ஆனால் கார்டின் பெயர் கோப்பில் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அது எழாமல் கிடக்கும். 'ஆப்ஷனல்' என்பதையும் உண்மை என்று வையுங்கள். இல்லையென்றால் பூட் ஆகும்போது அந்தக் கார்டுக்கு முகவரி வரும் என்று சிஸ்டம்டி இரண்டு நிமிடம் காத்துக்கொண்டிருக்கும்.

மாற்றத்தைச் செயல்படுத்த 'நெட்பிளான் அப்ளை' வேண்டாம், 'நெட்பிளான் ட்ரை' கொடுங்கள். 120 நொடிக்குள் நீங்கள் எண்டர் தட்டாவிட்டால் பழைய அமைப்புக்குத் தானே திரும்பிவிடும். தூரத்திலிருந்து வேலை செய்பவருக்கு இதைவிடப் பெரிய துணை இல்லை.

ஒரே கார்டுதான் என்றால், சுவிட்ச்சில் டிரங்க் போட்டு வீலேன் மூலம் பிரிக்கலாம். சுவிட்ச் உங்கள் கையில் இல்லை என்றால், லினக்ஸ் பிரிட்ஜ் ஒன்றை உண்டாக்கி, வெத் ஜோடி (இரு முனையுள்ள மெய்நிகர் கேபிள்) ஒன்றின் ஒரு முனையை அதில் செருகி, மறு முனையை நியூட்ரானுக்குக் கொடுக்கலாம். சோதனைக்குச் சரி. நாலு பேர் நம்பியிருக்கும் அமைப்புக்கு ஒரு கார்டு வாங்கிப் போடுவது மலிவு.

விர்ச்சுவல் இயந்திரத்திலிருந்து பிங் போகிறது, வெப்சைட் மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது. இது முன்தயாரிப்பில் சேருமா?

சேரும். எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, பற்றிய பிரச்சினை. தனியார் நெட்வொர்க்கின் பாக்கெட்டுகள் இன்னொரு உறைக்குள் போட்டுத்தான் ஹோஸ்டுகளுக்கு இடையே போகின்றன. விஎக்ஸ்லேன் என்றால் உறை 50 பைட், ஓவிஎன் பயன்படுத்தும் ஜெனீவ் என்றால் 58. கீழே 1500 இருந்தால் உள்ளே 1450 அல்லது 1442தான் மிஞ்சும். நியூட்ரான் இந்தக் கணக்கைப் போட்டு டிஎச்சிபி மூலம் சொல்லிவிடும், ஆனால் கீழே உண்மையில் 1500 இருக்கிறது என்று நம்பித்தான் சொல்கிறது. நடுவில் ஒரு சுவிட்ச்சோ வேறொரு டனலோ அதைவிடக் குறைவாக விட்டால், சின்ன பிங் போகும், பெரிய பாக்கெட் சத்தமில்லாமல் விழும். எஸ்எஸ்எச் உள்நுழையும்போது தொங்குவதும் இதன் அறிகுறிதான்.

டனல் போகும் நெட்வொர்க்கில் 9000 வைக்க முடிந்தால் வையுங்கள். சுவிட்ச்சிலும் மாற்ற வேண்டும், கார்டில் மட்டும் மாற்றினால் போதாது. சோதிக்க, உடைக்காதே என்ற கொடியோடு 8972 பைட் பிங் அனுப்புங்கள். 28 பைட் தலைப்பு சேர்ந்து சரியாக 9000 ஆகும். ஒவ்வொரு ஜோடி ஹோஸ்டுக்கும் இடையே இரு திசையிலும் பார்த்துவிடுங்கள். கோல்லாவின் முன்சோதனையை நம்பி இதை விட்டுவிட வேண்டாம்.

விஐபி முகவரி என்று கேட்கிறதே, எந்த ஐபியைக் கொடுப்பது?

விஐபி என்பது கன்ட்ரோலர்களுக்குப் பொதுவான முகவரி. மேலாண்மை சப்நெட்டில், எந்த இயந்திரத்துக்கும் கொடுக்காத, டிஎச்சிபி வரம்பிலும் இல்லாத ஒரு முகவரி. கன்ட்ரோலரின் சொந்த ஐபியைக் கொடுப்பவர்கள் அதிகம், அது தவறு. கீப்அலைவ்டி என்ற நிரல் அந்த முகவரியை எந்தக் கன்ட்ரோலர் உயிரோடு இருக்கிறதோ அதில் ஏற்றும். அதன் ரவுட்டர் எண் முன்னிருப்பாக 51. அதே நெட்வொர்க்கில் இன்னொரு கோல்லா அமைப்போ, 51 என்ற எண்ணோடு வேறு கீப்அலைவ்டியோ இருந்தால் இரண்டும் சண்டை போடும், எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். உயர் கிடைப்புநிலை வேண்டும் என்றால் கன்ட்ரோலர் மூன்று. இரண்டு வைத்தால் ஒன்று விழும்போது மரியாடிபி கிளஸ்டருக்குப் பெரும்பான்மை கிடைக்காது.

ஃபயர்வாலை நிறுத்தச் சொல்வது பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. கோல்லா ஹோஸ்டில் யுஎஃப்டபிள்யு, ஃபயர்வால்டி இரண்டையும் நிறுத்துவது, நியூட்ரான் எழுதும் விதிகளோடு மோதக்கூடாது என்பதற்காக. பாதுகாப்பை அதற்கு வெளியே வைக்க வேண்டும்: மேலாண்மை நெட்வொர்க் தனி வீலேனில், வெளியிலிருந்து எட்ட முடியாதபடி. வெளியே தெரிய வேண்டியது டாஷ்போர்டின் 443, தேவைப்பட்டால் கீஸ்டோனின் 5000 போன்ற ஏபிஐ போர்ட்டுகள், கன்சோலுக்கு 6080. மரியாடிபியின் 3306, ராபிட்எம்க்யூவின் 5672, மெம்கேஷ்டியின் 11211 மூன்றும் ஒருக்காலும் வெளியே தெரியக்கூடாது. 2018 பிப்ரவரியில் கிட்ஹப்பின் மேல் நொடிக்கு 1.35 டெராபிட் வெள்ளம் பாய்ந்ததே, அது இப்படி வெளியே திறந்து கிடந்த மெம்கேஷ்டி சர்வர்களிடமிருந்து வந்ததுதான்.

சிண்டருக்கு டிஸ்க்கை எப்படித் தயார் செய்வது?

சிண்டர் என்பது விர்ச்சுவல் இயந்திரங்களுக்கு வால்யூம் (சேமிப்பு டிஸ்க்) கொடுக்கும் சேவை. அதற்குத் தனி டிஸ்க். பகிர்வு எதுவும் வேண்டாம். அதில் பிவிகிரியேட் கொடுத்து, 'சிண்டர்-வால்யூம்ஸ்' என்ற பெயரில் வால்யூம் குரூப் ஒன்றை உண்டாக்குங்கள். கோல்லா முன்னிருப்பாகத் தேடும் பெயர் அது.

இங்கே பலர் தாண்டிப் போகும் ஒரு படி உண்டு. பயனர் ஒருவர் தன் விர்ச்சுவல் இயந்திரத்தின் வால்யூமுக்குள் எல்விஎம் போட்டால், ஹோஸ்ட் அதையும் தன்னுடைய எல்விஎம் என்று நினைத்து ஸ்கேன் செய்யும். பிறகு வால்யூமைக் கழற்ற முடியாது, 'பயன்பாட்டில் உள்ளது' என்று அடம்பிடிக்கும். தடுக்க, எல்விஎம் அமைப்புக் கோப்பின் டிவைசஸ் பகுதியில் ஃபில்டர் வரி எழுத வேண்டும்: சிண்டரின் டிஸ்க்கை ஏற்றுக்கொள், மற்றதெல்லாம் நிராகரி.

எழுதும் முன் ஒரு நிமிடம். மேலே சொன்னபடி உபுண்டுவின் ரூட்டும் பெரும்பாலும் எல்விஎம்மில்தான் இருக்கும். அந்த டிஸ்க்கையும் ஏற்றுக்கொள்ளும் பட்டியலில் சேர்க்காமல் 'மற்றதெல்லாம் நிராகரி' என்று எழுதிவிட்டு ரீபூட் கொடுத்தால் சர்வர் தன் ரூட்டையே கண்டுபிடிக்காது. ராக்கி 9-இல் இந்த ஃபில்டருக்குப் பதில் டிவைசஸ் கோப்பு என்ற முறை வந்திருக்கிறது. அங்கே 'எல்விஎம்டிவைசஸ்' கட்டளையைப் பயன்படுத்துங்கள்.

டாக்கர் ஏற்கனவே இருக்கிறது. அப்படியே விடலாமா?

உபுண்டுவின் சொந்த டாக்கர் பேக்கேஜோ, ஸ்னாப் வழியாக வந்ததோ இருந்தால் நீக்கிவிடுங்கள், கோல்லா தனக்கு வேண்டியதை டாக்கரின் களஞ்சியத்திலிருந்து போட்டுக்கொள்ளும். அந்த டாக்கரில் வேறு கன்டெய்னர்கள் ஓடினால் கூடுதல் கவனம்: கோல்லா டாக்கரின் முன்னிருப்புப் பிரிட்ஜையும் ஐபிடேபிள்ஸ் விதிகளையும் அணைத்துவிடும். அந்தக் கன்டெய்னர்களின் நெட்வொர்க் அத்தோடு அறுந்துவிடும்.

பிப் கொடுத்தால் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு' என்று பிழை வருகிறதே?

பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் பிப், உபுண்டு 24.04-இன் சொந்தப் பைத்தானைக் கலைக்கக்கூடாது என்று போட்டிருக்கும் பூட்டு அது. 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்ற கொடியைக் கொடுத்து உடைக்காதீர்கள். கிட், ஜிசிசி, பைத்தானின் டெவ் பேக்கேஜ், லிப்எஃப்எஃப்ஐ-டெவ், லிப்எஸ்எஸ்எல்-டெவ், வென்வ் ஆகியவற்றை ஆப்ட் மூலம் போட்டு, ஒரு வெர்ச்சுவல் என்விரான்மென்ட் உண்டாக்கி அதற்குள் கோல்லா-ஆன்சிபிளை நிறுவுங்கள். எந்த ஆன்சிபிள் பதிப்பு என்பதை அந்தந்த கோல்லா பதிப்பின் ஆவணம் சொல்லும், அதையே எடுங்கள். இதெல்லாம் நிறுவலை ஏவும் ஒரு இயந்திரத்தில் மட்டும் போதும்.

எஸ்எஸ்எச்சும் சுடோவும்?

ஏவும் இயந்திரத்தின் சாவி எல்லாவற்றிலும் இருக்க வேண்டும், சுடோ கடவுச்சொல் கேட்கக்கூடாது. 'ஆன்சிபிள் பிங்' எல்லாவற்றிலிருந்தும் 'பாங்' வாங்கினால் இந்தப் பகுதி முடிந்தது.

ஸ்வாப்பை அணைக்க வேண்டுமா?

அது குபர்நெட்டிஸ் பழக்கம். ஓப்பன்ஸ்டாக் கேட்பதில்லை.

சர்வர் அறையில் இணையம் கிடையாது, அல்லது ப்ராக்ஸி வழியாகத்தான். என்ன செய்வது?

ப்ராக்ஸி என்றால் ஆப்டுக்கும் டாக்கருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். உங்கள் ஷெல்லில் வைத்த மாறியை டாக்கர் சேவை பார்ப்பதில்லை. ப்ராக்ஸி வேண்டாத பட்டியலில் விஐபி முகவரியையும் எல்லா ஹோஸ்டுகளையும் சேருங்கள். இல்லாவிட்டால் கன்ட்ரோலர் தன்னிடமே பேசும் பேச்சு ப்ராக்ஸிக்குப் போய் 503 வாங்கிக்கொண்டு திரும்பும்.

இணையமே இல்லை என்றால், வெளியே ஒரு இயந்திரத்தில் கோல்லா இமேஜ்களை க்வே தளத்திலிருந்து இறக்கி, உள்ளே ஒரு லோக்கல் ரெஜிஸ்ட்ரியில் ஏற்ற வேண்டும். ரெஜிஸ்ட்ரியின் வழக்கமான போர்ட் 5000, கீஸ்டோனுடையதும் அதுவே. இரண்டும் ஒரே இயந்திரத்தில் என்றால் ரெஜிஸ்ட்ரியை 4000-க்கு மாற்றுங்கள். உபுண்டு பேக்கேஜ்களுக்கும் டாக்கர் பேக்கேஜ்களுக்கும் தனியாக மிரர் வேண்டும், அதை மறந்துவிட்டு இமேஜை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

கோல்லா இல்லாமல் கையால் நிறுவிப் பழக விரும்புகிறேன். அப்போது என்ன மாறும்?

அப்போது மேலே வேண்டாம் என்றதெல்லாம் வேண்டும். உபுண்டு 24.04-இன் சொந்தக் களஞ்சியத்தில் காரகல் இருக்கிறது, 22.04-இல் யோகா, அதைவிடப் புதியது வேண்டும் என்றால் கிளவுட் ஆர்கைவ் களஞ்சியத்தைச் சேர்க்க வேண்டும். கன்ட்ரோலரில் மரியாடிபியும் பைமைஎஸ்க்யூஎல்லும், ராபிட்எம்க்யூ, மெம்கேஷ்டி, எட்சிடி. கம்ப்யூட்டில் லிப்விர்ட், கியூஎம்யு. மரியாடிபியிலும் மெம்கேஷ்டியிலும் கேட்கும் முகவரியை 127.0.0.1-இலிருந்து மேலாண்மை ஐபிக்கு மாற்றுங்கள். மரியாடிபியின் அதிகபட்ச இணைப்புகளை 4096 ஆக்குங்கள். முன்னிருப்பான 151-ஐ நோவாவும் நியூட்ரானும் சேர்ந்தே தின்றுவிடும். ஒரு முறை இப்படிக் கையால் செய்து பார்ப்பது நல்லது என்பது என் கருத்து. எந்தச் சேவை யாரோடு பேசுகிறது என்பது அப்போதுதான் மண்டையில் ஏறும்.

தயாராகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

'ப்ரீசெக்ஸ்' கட்டளை போர்ட்டுகள், பெயர்கள், கார்டுகள், விஐபி எல்லாவற்றையும் பார்க்கும். அது பச்சையாக வந்தால் உடனே 'டிப்ளாய்' கொடுக்கத் தோன்றும். கொடுக்கும் முன் எல்லா இயந்திரங்களையும் ஒரு முறை ரீபூட் செய்துவிட்டு, மறுபடி அதே சோதனையை ஓட்டுங்கள். நெட்பிளானில் எழுதாமல் கட்டளையில் மட்டும் மாற்றிய எம்டியு, எழ மறந்த கார்டு, கிளவுட்-இனிட் திருப்பி எழுதிய ஹோஸ்ட்ஸ் கோப்பு எல்லாம் ரீபூட்டுக்குப் பிறகுதான் முகம் காட்டும். கிளவுட் ஓட ஆரம்பித்த பிறகு, ஒரு மின்வெட்டில் காட்டுவதைவிட இப்போது காட்டுவது மேல்.

நிறுவல் பாதியில் நின்றுவிட்டது. லினக்ஸையே மறுபடி போட வேண்டுமா?

பெரும்பாலும் தேவையில்லை. காரணத்தைச் சரிசெய்துவிட்டு 'டிப்ளாய்' மறுபடி கொடுத்தால், முடிந்ததைத் தாண்டி விட்ட இடத்துக்கு வந்துவிடும். ஹோஸ்ட்நேம் தவறாகப் போய் ராபிட்எம்க்யூவோ மரியாடிபியோ குழம்பிக் கிடந்தால் 'டெஸ்ட்ராய்' இருக்கிறது. அதற்கு 'ஆமாம், உண்மையாகவே, உண்மையாகவேதான் சொல்கிறேன்' என்கிற மாதிரி நீளமான ஒரு கொடியைத் தட்டினால்தான் வேலை செய்யும், ஏனென்றால் கன்டெய்னர்களோடு தரவுத்தளமும் போய்விடும். சிண்டரின் வால்யூம் குரூப், நெட்பிளான் ஆகியவை அப்படியே இருக்கும். பழைய வால்யூம்கள் வேண்டாம் என்றால் அவற்றைக் கையால் நீக்கிவிட்டு, பெயரைத் திருத்தி, பூட்ஸ்ட்ராப்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.